நோய்முதலும் நோயாளியின் சொல்லும்

வந்த நோயைத் தீர்ப்பதைவிட வருமுன் காப்பது மேல் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யார் காப்பது, எதை அறிந்து காப்பது, அறிந்துகொண்டவர் கையில் அதைச் செய்து முடிக்கும் வலு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பேச்சு மருத்துவத்தைத் தாண்டி மெய்யியலுக்குள் நுழைகிறது. கைபேசிச் செயலி, மின்னணு மருத்துவப் பதிவேடு, தொலைமருத்துவம், வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவை கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. இவை நோயாளிக்கு அதிகாரம் தரும் என்று அரசுகளும் நிறுவனங்களும் சொல்கின்றன. தரவும் கூடும். எப்போது அதிகாரம் தருகின்றன, எப்போது அந்தப் பெயரில் சுமையை மட்டும் இறக்கி வைக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலும் அதன் அருகிலுள்ள பூதிகோட்டையும் பொருத்தமான இடங்கள். பூதிகோட்டை கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பங்காரப்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. ஐதர் அலி பிறந்த ஊர் என்றுதான் வரலாற்று நூல்கள் அதை அறிமுகப்படுத்தும். பக்கத்தில் மார்க்கண்டேய நீர்த்தேக்கம் உண்டு. ஆனாலும் மழையையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய வறண்ட சீமை அது. கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும். தங்கவயலோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்கடியில் இறங்கி உழைத்த ஊர். நோய்க்குக் காரணம் எது, அதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி இங்கே நூலில் மட்டும் இருந்த கேள்வி அன்று.

இந்தியச் சமயங்களில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகப் பரவலான விடை, வினை. முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் உடலில் வந்து சேர்கிறது என்ற நம்பிக்கை துன்பத்துக்கு ஒரு பொருள் தருகிறது; பலருக்கு ஆறுதலும் தருகிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே நம்பிக்கை நோயாளியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடவும் கூடும். இதைப் பற்றிப் பாலி நூல்களில் மிகத் தெளிவான உரையாடல் ஒன்று இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற பரிவிராஜகன், அதாவது ஊர் சுற்றும் துறவி, புத்தரிடம் வந்து, மனிதன் படும் துன்பம் எல்லாமே பழவினையால் வருவதாகச் சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலை முறைதவறிப் பேணுதல், வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாம் வினையே என்பவர்கள் தமக்கே தெரிந்த உண்மையையும் உலகம் ஒப்புக்கொண்ட உண்மையையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தரும் விடையின் சாரம்.

எட்டில் ஒன்று மட்டுமே வினை. இன்னொன்று மட்டுமே, அதாவது முறைதவறிப் பேணுதல் மட்டுமே, இன்று வாழ்க்கைமுறை என்று சொல்லப்படுவதற்கு ஒப்பானது. மற்றவை உடலின் இயல்பையும் பருவத்தையும் புறச் சூழலையும் சேர்ந்தவை. மின்னணு நலக் கருவிகளை எடைபோட இந்தப் பழைய பாகுபாடு இன்றும் உதவுகிறது. கைபேசியில் உள்ள நலச் செயலிகளில் பெரும்பாலானவை ஆறாவது காரணம் ஒன்றையே காண்கின்றன. எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி தூங்கினாய், எவ்வளவு உப்புத் தின்றாய் என்றுதான் அவை கேட்கும். இந்தக் கேள்விகள் பயனுள்ளவை. ஆனால் இவை மட்டுமே கேள்விகள் என்றாகும்போது, நோயெல்லாம் நோயாளியின் நடத்தையால் வந்தது என்ற எண்ணம் வேரூன்றுகிறது. முற்பிறப்பின் மேல் போட்ட பழியை இப்பிறப்பின் மேல் போடுவதால் பழி குறைந்துவிடுவதில்லை.

இப்படிப்பட்ட சிந்தனை தங்கவயலுக்கு அயலானது அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அதற்குக் கிளை இருந்தது. இங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் 1920-களில் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. பண்டிதர் சித்த மருத்துவரும்கூட. பிறப்பால் இழிவு என்ற கோட்பாட்டை மறுத்த ஒருவர் நாடி பார்த்து மருந்து கொடுப்பவராகவும் இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. துன்பத்துக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை ஆராய்ந்து நீக்க முடியும் என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடியில் ஓடுகிறது. சுரங்கத் தொழிலாளர்கள் அந்த நம்பிக்கையைக் கைக்கொண்டதில் வியப்பில்லை.

அவர்களுடைய நெஞ்சுக்குள் போன நோய்க்கும் காரணம் இருந்தது. கோலார்ப் பாறையில் தங்கம் படிகக்கல் நரம்புகளோடு கலந்து கிடக்கிறது. அதைத் துளைக்கும்போதும் வெடிவைத்துத் தகர்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு கிளம்பும். நுரையீரலின் நுண்ணறைகள்வரை போய்த் தங்கும் அந்தத் துகள், அங்கே தழும்பு விழச் செய்யும். தழும்பு மெல்ல மெல்லப் பரவும். வேலையை விட்ட பிறகும் பரவும். தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் அவர்களுக்குப் பல மடங்கு கூடுகிறது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாக மருத்துவ ஏடுகளில் பதிவானது 1947-இல். பதிவான இடம் கோலார் தங்கவயல். தொழிலாளரின் நெஞ்சைப் படம் பிடித்ததும் படத்தைப் படித்து முடிவு சொன்னதும் சுரங்கக் கம்பெனியின் மருத்துவத் துறை. சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கி ஏறியவருக்குத் தன் நெஞ்சைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இருமலும், மேடேறும்போது வரும் மூச்சிரைப்பும்தான். உடல் ஒருவருடையது, அதைப் பற்றிய அறிவு இன்னொருவருடையது என்ற நிலை அது. நட்டஈடு கொடுக்க வேண்டியவரிடமே அந்த அறிவு தங்கியிருந்தது.

தங்கவயல் சுரங்கங்களைப் பிற்காலத்தில் நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் ஊர் நடுவே மேடு மேடாகக் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசு தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தட்டிலும் படுக்கையிலும் படிகிறது. பூதிகோட்டைப் பக்கத்தின் துயரம் வேறு. கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டி இறங்கிவிட்டன. அந்த ஆழத்து நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு அமைப்பு குறித்த எல்லை. அதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும். பல்லாண்டு குடித்தால் முழங்காலும் முதுகும் இறுகும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தூசும் தண்ணீரும் புத்தர் சொன்ன ஏழாவது காரணத்தோடு, வெளியிலிருந்து வரும் தாக்குதலோடு சேர்பவை. இவற்றின் முன் தனிமனித ஒழுக்கம் எவ்வளவு இருந்தாலும் போதாது.

இதனால் தனிமனித அளவில் கருவிகளுக்கு வேலையே இல்லை என்று ஆகாது. உயர் ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். அது வலிக்காத நோய். மேல் எண் 140-ஐயும் கீழ் எண் 90-ஐயும் தாண்டிப் பல ஆண்டு ஓடினாலும் உடல் ஒன்றும் சொல்லாது. ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ சொல்லும். இங்கே உடல் சொல்லாததைக் கருவிதான் சொல்ல வேண்டும். பூதிகோட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லாத, எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவர் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, விவரத்தைக் கைபேசியில் பதிவு செய்கிறார். தினம் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் தங்கவயல்காரருக்கு இப்படிப்பட்ட ஏற்பாட்டின் அருமை உடனே புரியும். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் அவர் ஊரில் இருப்பதே இல்லை.

இந்தியாவின் பல மாநிலங்களில் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படும் ‘சிம்பிள்’ என்ற செயலியும் கவனிக்கத் தக்கது. நோயாளிக்கு ஒரு சிறு அட்டை கொடுக்கிறார்கள். அதில் ஒரு கியூ.ஆர். கட்டம்; அடுத்த முறை வரும்போது செவிலியர் அதைக் கைபேசியில் காட்டினால் பழைய அளவுகள் எல்லாம் திரையில் வந்துவிடும். வராதவர்களின் பட்டியலையும் செயலி எடுத்துக் காட்டும். அட்டையில் அளவுகளைப் பேனாவால் எழுத இடம் விட்டிருப்பதுதான் இதில் முக்கியம். கைபேசி இல்லாத மூதாட்டியிடமும் அவருடைய கணக்கு இருக்கிறது. எண் மின்பதிவில் மட்டும் இருந்தால் அது மருத்துவத் துறையின் சொத்து. அட்டையிலும் இருந்தால் அவர் அதை மகளிடம் காட்டலாம், வேறு மருத்துவரிடம் எடுத்துப் போகலாம், போன மாதத்தைவிட ஏன் ஏறியது என்று கேட்கலாம்.

தொலைமருத்துவம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கோலாரை அடுத்த சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமம் 2000-ஆம் ஆண்டிலேயே செயற்கைக்கோள் வழி மருத்துவ ஆலோசனைக்குப் பெயர் பெற்றுவிட்டது. இப்போது ‘இ-சஞ்சீவனி’ என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வழியாகத் துணைச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தபடியே மருத்துவரிடம் பேச முடிகிறது. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிச்சமாகின்றன. அந்த அளவில் அது உறுதியான நன்மை.

சிக்கல் தொடங்குவது கருவி நோயாளியைக் கவனிப்பதிலிருந்து கண்காணிப்பதற்கு நகரும் இடத்தில். இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது. காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். முன்பெல்லாம் நோயாளி மையத்துக்கு வந்து ஊழியர் கண்முன்னால் விழுங்க வேண்டியிருந்தது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான ‘99டாட்ஸ்’ என்ற முறை அதை மாற்றியது. மாத்திரை அட்டையின் மேல் ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் உறைக்குள் மறைந்திருந்த தொலைபேசி எண் தெரியும். எந்த மாத்திரைக்குப் பின் எந்த எண் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாது. அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாமல் ஓர் அழைப்பு விட்டால் அன்றைய மருந்து சாப்பிட்டதாகக் கணினி குறித்துக்கொள்ளும். சாதாரண பட்டன் போன் போதும். நாள்தோறும் மையத்துக்கு நடக்கவும் வேண்டாம், வேலை கெடவும் வேண்டாம். நோயாளியின் கண்ணியத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் மாத்திரை அட்டையிலிருந்து வெளியே வந்தது என்பதற்கு மேல் அந்த அழைப்பு எதையும் உறுதி சொல்லாது. தமிழ்நாட்டிலும் மும்பையிலும் சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் அதன் கணிப்பு எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியமாக அமையவில்லை. சாப்பிட்டும் அழைக்காதவர் உண்டு. அழைத்தும் சாப்பிடாதவர் உண்டு. சாப்பிடாதவர் ஏன் சாப்பிடவில்லை, குமட்டலா, பசியா, குடும்பத்தில் சண்டையா என்று அந்த எண் கேட்பதில்லை. நோயாளியிடம் ஆமா, இல்லையா என்ற இரண்டே சொற்களை எதிர்பார்க்கும் கருவி அவரைப் பேச வைக்கவில்லை. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் ‘நிக்ஷய்’ தளத்தோடு 2018-இல் ஊட்டச்சத்துக்கான மாதாந்திர உதவித்தொகை இணைக்கப்பட்டபோது, பதிவு என்பது நோயாளியின் தட்டில் சோறாகவும் மாறியது. அங்கே கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. பசியையே பிணி என்று பெயரிட்ட மணிமேகலையின் மரபில் வந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

நோயாளியைப் பேச வைப்பது எப்படி என்பதற்குப் பூதிகோட்டையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் மைராடா, வாய்ஸஸ் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோ ஆதரவுடன் இங்கே ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய ஒலி நிலையத்தை அமைத்தன. நம்முடைய குரல் என்பது பொருள். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தும், ஊர்மக்கள் வானொலி நடத்த அப்போது அனுமதி கிடையாது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல்தான் சமுதாய அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. பூதிகோட்டையில் அதுவரை காத்திருக்கவில்லை. கேபிள் டிவிக்காக வீடுகளுக்கு இழுத்திருந்த கம்பி வழியே ஒலியை அனுப்பினார்கள். சுய உதவிக் குழுப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பேட்டி எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் கணினியில் வெட்டி ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். இணைய வசதியுள்ள கணினிகளும் நிலையத்தில் இருந்தன. வெளியே கிடைத்த தகவலை உள்ளூர் மொழியில், உள்ளூர்க் குரலில் சொல்ல அவை உதவின. உடல்நலம், துப்புரவு, குடிநீர், பயிர், பெண்களின் சேமிப்பு என்று நிகழ்ச்சிகள் போயின.

இந்த ஏற்பாட்டில் நோய்த்தடுப்புக்குப் பொருந்தும் பாடம் ஆழமானது. நலக் கல்வி என்றாலே நகரத்திலிருந்து கிராமத்துக்கு, படித்தவரிடமிருந்து படிக்காதவருக்கு, மேலிருந்து கீழே வருவதாகவே பெரும்பாலும் அமைகிறது. கைகழுவச் சொல்லும் குரல் கைகழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காது. ஒலிவாங்கி ஊர்ப் பெண்ணின் கையில் இருக்கும்போது பேச்சு இரண்டு திசையிலும் போகிறது. சுகாதார ஊழியர் சொல்வதும் பதிவாகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற முறையீடும் பதிவாகிறது. இரண்டாவது பதிவு ஊராட்சித் தலைவரின் காதுக்கும் எட்டுகிறது, அதுவும் ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது. தூசுக்கும் ஃபுளோரைடுக்கும் இப்படிப்பட்ட பொதுக் குரல்தான் தடுப்பு மருந்து. இன்றைய செயலி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, காதோடு காதாகப் பேசுகிறது. ஒரே தெருவில் இருபது வீட்டுக் குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்பு விழுந்திருந்தால், இருபது கைபேசிக்கும் பல் துலக்கும் அறிவுரை போய்ச் சேரலாம். இருபதும் ஒரே கிணற்றைக் காட்டுகின்றன என்பதைத் தெருவுக்குச் சொல்ல அதற்கு வழி இல்லை. அந்த வழியை வைத்துக் கருவியைக் கட்டுவது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் இல்லை. கட்டச் சொல்லிக் கேட்பவர் யார் என்பதே கேள்வி.

நோயாளியின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு தருவது இக்காலக் கண்டுபிடிப்பும் இல்லை. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுக்கடுப்பால் ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். அவர் யாருக்கும் பயன்படவில்லை என்பதால் மற்ற பிக்குகள் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் தம் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாம் நீர் ஊற்ற ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, நோயுற்றவரைப் பேணுவது ஒருவருக்கொருவர் கடமை என்று விதிக்கிறார். அதே இடத்தில் பேணுவதற்கு எளிதான நோயாளியின் இயல்புகள் ஐந்தும் சொல்லப்படுகின்றன: உடலுக்கு ஏற்றதைச் செய்வார், ஏற்றதிலும் அளவு அறிவார், மருந்தை உட்கொள்வார், நோய் கூடினால் கூடியது என்றும் குறைந்தால் குறைந்தது என்றும் உள்ளபடி சொல்வார், வலியைத் தாங்குவார். நான்காவது இயல்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். நோயாளி இங்கே சிகிச்சையைப் பெறுபவர் மட்டும் அல்லர்; நோயைப் பற்றிய சாட்சியும் அவரே. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்போது நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். மருத்துவரும் மருந்தும் பக்கத்திலிருந்து பேணுபவரும் அதன் பிறகே வருகிறார்கள்.

உள்ளபடி சொல்ல வேண்டுமானால் சொல்வதற்கு மொழி வேண்டும். தங்கவயலில் தமிழ் பேசி, கன்னடம் தட்டுத் தடுமாறிப் படித்து, ஆங்கிலம் அறியாத முதியவர்கள் ஏராளம். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது, மார் கனக்கிறது என்பவை அவர்களுக்கு மூன்று வேறு நிலைகள். செயலியின் பட்டியலில் மூச்சுத்திணறல் என்ற ஒரே கட்டம் இருந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். பேச்சைப் பதிவு செய்து அப்படியே மருத்துவருக்கு அனுப்புவது இன்று மலிவான காரியம். நோயாளியின் சொந்தச் சொல் பதிவேட்டில் ஏற வேண்டும் என்ற கொள்கை இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

சொன்ன சொல் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நலக் கணக்கு எண் தருகிறது. யார் பார்க்கலாம், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று நோயாளியின் இசைவு பெற்றே பதிவைப் பகிர வேண்டும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. ஏட்டில் இது மிக நல்ல ஏற்பாடு. நடைமுறையில் இசைவு என்பது கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் மகனுடையது என்றால், மகன் காலை ரயிலில் பெங்களூருக்குப் போகும்போது தாயின் இசைவும் அவரோடு போய்விடுகிறது. மருமகளின் காசநோயோ கருக்கலைப்போ கணவனின் திரையில்தான் முதலில் தெரியும். இசைவு தனியொருவருடையது என்று சட்டம் எண்ணுகிறது. கைபேசி குடும்பத்தினுடையதாக இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத் துணைச் சுகாதார நிலையத்திலேயே கைரேகையோ அட்டையோ கொண்டு, செவிலியர் படித்துக் காட்டி, இசைவு பெறும் வழி இருக்க வேண்டும். படித்துக் காட்டுவது அவசரமில்லாமல் நடக்க வேண்டும்.

பதிவு நோயாளியின் கையில் இருந்தால் அவருக்கு நீதி பெற்றுத் தரவும் கூடும் என்பதற்கு ராஜஸ்தான் சான்று. கல்குவாரிகளில் சிலிக்கோசிஸ் மலிந்த அந்த மாநிலம் 2019 அக்டோபரில் அதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. தொழிலாளி இணையத்தில் பதிவு செய்துகொள்கிறார். நெஞ்சுப் படத்தை மருத்துவக் குழு பார்த்துச் சான்று தருகிறது. சான்று கிடைத்தவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் உதவியாகப் போகின்றன. அக்காலத் தங்கவயல் தொழிலாளியின் கையில் இப்படி ஒரு பதிவு இருந்ததில்லை. ஆனால் இதையும் தடுப்பு என்று சொல்ல முடியாது. தூசு நெஞ்சுக்குள் போன பிறகே இந்தப் பதிவு தொடங்குகிறது. துளையிடும்போது நீர் விட்டுத் தூசை அடக்குவதும் வேலையிடத்துக் காற்றிலுள்ள தூசின் அளவைத் தொழிலாளி கண்ணில் படும்படி காட்டுவதும்தான் தடுப்பு. காற்றை அளக்கும் உணரிகள் இன்று மலிந்துவிட்டன. அவற்றின் எண் முதலாளியின் கணினிக்கு மட்டும் போகாமல் குவாரி வாசலிலும் எரிய வேண்டும். அதைப் பார்த்து இன்று வேலைக்கு இறங்க மாட்டேன் என்று சொல்பவருக்குக் கூலி போகாதிருக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கொடுத்தால், ஆபத்தைத் தெரிந்தே இறங்கினாய் என்று பின்னால் சொல்வதற்கு அது சாட்சியாகிவிடும்.

வள்ளுவர் எண்ணிய நான்காம் உறுப்பு, பக்கத்திலிருந்து பேணுபவர். கருவிகளைப் பற்றிய பேச்சில் அதிகம் மறக்கப்படுபவர் அவர்தான். கோலார்க் கிராமங்களில் அவர் பெரும்பாலும் ஆஷா ஊழியர்: அந்த ஊரிலேயே வாழ்கிற, வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த பெண். கர்ப்பிணியின் பதிவு, குழந்தையின் தடுப்பூசி, காசநோய்க்காரரின் மாத்திரை எல்லாவற்றையும் அவர் நோட்டிலும் எழுதி, கைபேசியிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை என்பதால், தளத்தில் ஏறாத வேலை செய்யாத வேலையாகக் கணக்காகும் அபாயமும் உண்டு. 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் ஆஷா ஊழியர்கள் பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலுமாக உட்கார்ந்து போராடியபோது நிலையான ஊதியத்தோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில், ஊக்கத்தொகையை இணையதளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்பதும் ஒன்று. நோயாளியின் சொல்லைக் கேட்கவும், அதை அவர் சொன்னபடியே பதியவும், இசைவைப் படித்துக் காட்டவும், இருபது பல்லுக்கும் ஒரு கிணற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொல்லவும் எந்த ஊரிலும் முதலில் இருப்பவர் அவரே. அதற்கு வேண்டிய நேரத்தை அவருடைய கைபேசித் திரை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும், அந்த நேரத்துக்கு மாதச் சம்பளம் கிடைப்பதும் மின்னணு நலத் திட்டத்தின் வரைவிலேயே இடம்பெற வேண்டியவை.